கண்ணாடி அண்ணியின் கோடுகள்

மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா, "ஸ்டீல் கம்பெனியில இருக்கா" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவார். கேட்டவர் மேசை, நாற்காலி, கணினி என்று எதையோ கற்பனை செய்துகொள்வார். அம்மா அதைத் திருத்தியதில்லை.

அண்ணி மெருகு போடுகிறவர். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் கண்ணாடியாக மாற்றுவது அவர் வேலை. மருத்துவமனைகளில் கை கழுவும் தொட்டி, அடுக்குமாடிகளின் லிஃப்ட் கதவு, மாடிப்படிக் கைப்பிடி என்று நகரத்தில் பாதிப் பேர் தினமும் அவர் கைவேலையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. கைப்பிடியைப் பிடிக்கிறவர் படியைப் பார்ப்பார். லிஃப்டுக்கு முன் நிற்கிறவர் தன் முகத்தைப் பார்ப்பார். மெருகு நன்றாக இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது.

பட்டறையில் அவருக்குக் கண்ணாடி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் முடித்து வைத்த ஒரு தொட்டியில் முதலாளி தன்னை அறியாமல் குனிந்து தலை வாரிக்கொண்டாராம். அன்றிலிருந்து சின்னவர்களுக்குக் கண்ணாடி அக்கா, முதலாளிக்கு வெறும் கண்ணாடி.

அண்ணன் அதே பட்டறையில் வெல்டர். இரண்டு தகடுகளை அவர் ஒட்டினால், ஒட்டின இடத்தில் புழு ஊர்ந்துபோன மாதிரி ஒரு தழும்பு நிற்கும். அடுத்த வேலை அண்ணியுடையது: அந்தத் தழும்பு இருந்த இடமே தெரியாமல் செய்வது.

"நான் காலையிலேர்ந்து முதுகொடியப் போட்ட வெல்டிங்க இவ ஒரே மூச்சுல அழிச்சிடுறா" என்று அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் முறையிடுவார். "வீட்டுலயும் இதே கதைதான். நான் சொன்ன எதுவும் நின்னதில்ல."

"நீங்க ஒழுங்காச் சொன்னா நான் ஏங்க அழிக்கப்போறேன்?" என்பார் அண்ணி, டப்பாவிலிருந்து தலை நிமிராமல்.

பட்டறை ஒரு நீண்ட தகரக் கொட்டகை. அதன் கடைசி மூலை அண்ணியின் இடம். மூன்று பக்கமும் கறுப்புத் தார்ப்பாய் கட்டி, வெயில் ஒரு சொட்டுக்கூட விழாமல் அடைத்து வைத்திருப்பார். உள்ளே ஒரே ஒரு டியூப்லைட். தகட்டின் மேல் விழும் அந்த விளக்கின் பிம்பத்தைத்தான் அவர் பார்ப்பார். பிம்பம் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றால் மெருகு சரி. எங்காவது நடுங்கினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

"வெளிய எடுத்துட்டுப் போய்ப் பார்த்தா என்ன அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெயில்ல எல்லாத் தகடும் அழகுதான். பழைய டப்பா மூடிகூடப் பளபளக்கும். வெயில நம்பினா வேலை கெட்டுது."

அவரிடம் இன்னொரு சட்டமும் உண்டு. முடித்த வேலையின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு விரல் பட்டாலும் ரேகை பதியும். "கை வைக்காத" என்ற குரல் தார்ப்பாயைத் தாண்டிக் கொட்டகை முழுக்கக் கேட்கும். முதலாளியே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்த மூலைக்கு வருவார்.

நகரத்தின் புதிய நூலகத்துக்கு முன்னால் வைக்க ஒரு சிற்பம் செய்யும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. நூலகம் வெள்ளைச் சுவர்களும் முக்கோண ஜன்னல்களும் கொண்ட கட்டடம். கூரையின் சட்டங்கள் வழியாக வெயில் கோடு கோடாக இறங்கி, காலையில் ஒரு சுவரிலும் மாலையில் எதிர்ச் சுவரிலும் ஏறும். அங்கே வெயிலுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்.

சிற்பத்தின் வடிவம் எளிமையானது. ஓர் ஆரஞ்சுப் பழத்தை நான்காகக் கீறி, சுளையை எடுத்துவிட்டு, ஒரு துண்டுத் தோலை மட்டும் நிற்க வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். உயரம் மட்டும் இரண்டு ஆளுக்கு மேல். முதுகுப் பக்கம் நூலகத்தைப் பார்க்கும். குழிந்த பக்கம் கிழக்கே முற்றத்தைப் பார்க்கும்.

வடிவமைத்த சிற்பிக்குத் தமிழ் தெரியாது. பட்டறையில் கணக்கு எழுதும் எனக்கு அவருடைய மொழியும் தெரியும் என்பதால் முதலாளி என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். தாளை விரித்துச் சிற்பி சொன்னதை நான் சொன்னேன்: வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், நூலகம் முழுவதும் அதில் தெரிய வேண்டும். உள்பக்கம் மங்கலாக, பேசாமல் இருக்க வேண்டும்.

"புரிஞ்சுது" என்றார் அண்ணி.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினார். அந்த நூலகம் அவர் போகும் பேருந்துப் பாதையில்தான் இருக்கிறது. "வாசல்லயேவா வைக்கப்போறாங்க? எல்லாரும் பார்க்கிற மாதிரியா?" என்று கேட்டார். அப்புறம் நறுக்கிக்கொண்டே, "திறக்கிற அன்னைக்கு நானும் வரேன்" என்றார்.

திருமணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி தேய்ப்புத் தூசியில் கறுத்த முகத்தோடும் நகக்கண்ணில் மசியோடும் வீடு திரும்புகிறார். அம்மா சுடுதண்ணீர் எடுத்து வைப்பார், வேறு ஒன்றும் சொல்லமாட்டார். ஒருமுறைகூடப் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.  அன்று அண்ணி தட்டில் இருந்ததை உப்பு சரியா என்றுகூடப் பார்க்காமல் சாப்பிட்டார். அது அவருக்கு வழக்கமில்லை.

அண்ணன் தகடுகளை ஒட்டி முடித்தார். அண்ணி வெளிப்பக்கத்தைத் தேய்த்து முடித்தார். ஒட்டு எங்கே இருக்கிறது என்று அண்ணனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது நூலகத்திலிருந்து செய்தி வந்தது: பீடத்துக் கான்கிரீட் இன்னும் காயவில்லை, பொருள் பட்டறையிலேயே இருக்கட்டும்.

சும்மா இருக்கத் தெரியாத கை அண்ணியுடையது. தினமும் அந்தக் குழிந்த பக்கத்தைக் கடந்து போவார், திரும்பி வருவார்.

"வெளிய தேய்ச்சு உள்ள விட்டா எப்படி இருக்கு தெரியுமா? விருந்தாளி வந்த வீட்டுல பாத்திரத்த வெளிப்பக்கம் மட்டும் கழுவி வச்ச மாதிரி இருக்கு."

"படத்துல மங்கல்னு போட்டிருக்கு" என்றார் அண்ணன்.

"மங்கலா வைக்க யாருக்குத்தான் தெரியாது?"

"தெரியாதவங்க கிட்டதான் குடுத்திருக்காங்க."

அண்ணி சிரிக்கவில்லை. மறுநாள் குழிக்குள் ஏணி போட்டு ஏறினார். உட்குழிவைத் தேய்ப்பது முதுகைத் தேய்ப்பதைவிடக் கொடுமை. கழுத்தைச் சாய்த்து, கையை வளைத்து, சுழலும் துணிச் சக்கரம் தன் தோளிலேயே வந்து இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து இறங்கும்போது கண்ணின் வெள்ளையைத் தவிர எல்லாம் கறுப்பாக இருப்பார். அவர் எதற்காக இப்படித் தேய்க்கிறார் என்று பட்டறையில் யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கும் எனக்கும் கேட்காமலே தெரியும். அம்மா முற்றத்துப் பக்கமாகத்தான் வருவார். முதலில் பார்க்கப்போவது உள்பக்கத்தை.

முடிந்தது என்று சொன்ன அன்று சிற்பி வந்தார். தார்ப்பாயை விலக்கி உள்ளே போனவர் சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். டியூப்லைட்டின் ஒற்றைக் கோடு அந்தக் குழிவில் வில்லாக வளைந்து, எங்கும் நடுங்காமல் நின்றது. பிறகு அவர் பேசத் தொடங்கினார், நீளமாக.

"அப்படியே இருக்கட்டும்னு சொல்றார்" என்றேன்.

"இவ்வளவு நேரமும் அத மட்டுமா சொன்னாரு?"

"இல்ல, மீதியெல்லாம் உங்க கையைப் பத்தி."

"அத ஏன் முழுங்குற? முழுசாச் சொல்லு."

முழுவதும் சொன்னேன். அண்ணி இரண்டு இடங்களில் திரும்பச் சொல்லச் சொன்னார். அடக்கம் அவருடைய குணங்களில் ஒன்று அல்ல.

அந்தப் பொருளை அங்கிருந்த ஒருவரும் வெயிலில் பார்த்ததில்லை. நீலப் படலம் ஒட்டி, அதன்மேல் கம்பளி சுற்றி, வண்டியில் ஏற்றி அனுப்பினோம்.

பீடத்தில் நிறுத்திப் படலத்தை உரித்தது திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், ஒரு காலை. முற்றம் காலியாக இருந்தது. நூலகத்துக் காவலாளி தன் பிளாஸ்டிக் நாற்காலியைச் சிற்பத்துக்கு எதிரே கொஞ்சம் தள்ளிப் போட்டு, அதன் முதுகில் தன் மேல்சட்டையை மாட்டிவிட்டு, வேடிக்கை பார்க்க எங்களோடு வந்து நின்றார்.

சூரியன் எதிர்க் கட்டடத்துக்கு மேலே ஏறியது. குழிந்த பக்கம் முழுக்க ஒரே நொடியில் பற்றிக்கொண்டது போல் வெளிச்சம். நாங்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டோம். அண்ணியின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யாருங்க இங்க சிகரெட் பிடிக்கிறது?" என்று காவலாளி கேட்டார்.

யாரும் பிடிக்கவில்லை. புகை அவருடைய சட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. குழிந்த கண்ணாடி வெயிலை முழுவதும் வாரி எடுத்து, ஒரு கைக்குட்டை அகலத்துக்குச் சுருக்கி, சரியாக அந்த நாற்காலியின் மேல் போட்டிருந்தது. அவர் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடுங்குவதற்குள் நாற்காலியின் முதுகு தூங்குகிறவன் தலை போலத் தொங்கி விட்டது. கால் ஒன்று மடங்கியது. அந்த வெளிச்சத் துண்டு அங்கேயே நிற்கவும் இல்லை. சூரியன் ஏற ஏற அது தரையில் நகர்ந்து, புதிதாக நட்ட செடி ஒன்றை நோக்கிப் போயிற்று. அண்ணன் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஏணியில் பாய்ந்து ஏறிக் குழிவை மூடினார்.

நூலகப் பொறியாளர் வந்தார். கண்டிப்பான பெண்மணி, கத்திப் பேசுகிறவர் அல்ல. மடங்கிய நாற்காலியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"குழந்தைங்க வந்து நிக்கிற இடம் இது. உள்பக்கம் சாம்பல் கலர் பெயின்ட் அடிச்சிடுங்க. திறப்புக்குள்ள முடியலைன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

தவறு தன்னுடையது, தான்தான் பார்த்துச் சரி என்றதாகச் சொன்னார் சிற்பி. நான் அதைச் சொன்னேன். "இல்லீங்க, படத்துல இல்லாதத செஞ்சது நான்" என்றார் அண்ணி. நான் அதையும் சொன்னேன்.

"தப்பு யாரோடதுன்னு முடிவு பண்ணா சூடு குறையாதுங்க" என்றார் பொறியாளர். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணி தார்ப்பாயைத் தூக்கி அதற்கு அடியில் போய் நின்றார். உள்ளே என்ன பார்த்தார் என்று தெரியாது. பெயின்ட் அடித்தால் அம்மா பார்க்கப்போவது ஒரு சாம்பல் நிறச் சுவர். கழற்றினால் வெறும் பீடம். வெளியே வந்தபோது அவர் குரல் சாதாரணமாக இருந்தது.

"பெயின்ட் வேணாம் மேடம். நானே மங்க வைக்கிறேன். ஆனா எப்படி மங்க வைக்கிறதுன்னு கொஞ்சம் பார்க்கணும்."

மறுநாள் காலை, மீந்துபோன தகட்டுத் துண்டுகளோடு நூலகத்துக்கு வந்தார். மெருகு போட்ட தகட்டை அவர் தன் கையால் வெயிலுக்கு எடுத்துவந்தது அதுவே முதல் தடவை. ஒரு துண்டில் வட்ட வட்டமாகக் கீறியிருந்தார். இன்னொன்றில் இடமிருந்து வலமாகக் குறுக்குக் கோடுகள். மற்றொன்றில், சில லிஃப்ட் கதவுகளில் போடுவதுபோல, மேலிருந்து கீழாக நெருக்கமான மெல்லிய கோடுகள். ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்து, நூலகத்தின் வெள்ளைச் சுவரில் வெளிச்சத்தை விழவைத்தார்.

வட்டக் கீறல் போட்ட துண்டு எதையுமே தரவில்லை. செத்த மீன் கண் மாதிரி இருந்தது. குறுக்குக் கோடு வெளிச்சத்தை மேலும் கீழும் இழுத்தது. நெடுங்கோட்டுத் துண்டைப் பிடித்ததும், வெளிச்சம் இடமும் வலமுமாக ஒரு விசிறி போல விரிந்து சுவர் நெடுக ஓடியது. அதில் கையை நீட்டினால் இதமான சூடு மட்டும்தான்.

சிற்பி சட்டைப் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து முற்றத்தின் தரையில் மண்டியிட்டார். சூரியன் இங்கே வந்தால் வெளிச்சம் இங்கே, இன்னும் ஏறினால் இதுவரை என்று வளைகோடுகளாகப் போட்டுக்கொண்டே போனார். அண்ணி தகட்டைப் பிடித்தபடி அவர் பின்னாலேயே நகர்ந்தார், தலையை ஆட்டினார், ஓரிடத்தில் அவர் கையிலிருந்து சுண்ணக்கட்டியை வாங்கிக் கோட்டைத் திருத்தினார். சிற்பி அதை மறுபடி பாதி அழித்து வேறு மாதிரி போட்டார். இருவருக்கும் என் ஞாபகமே வரவில்லை. நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடு போடுவது எளிது போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கோடும் உச்சியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பாக வர வேண்டும். நடுவில் கை நின்றால் நின்ற இடம் தழும்பாகும். அதனால் ஆளை ஏற்றி இறக்கும் இயந்திர மேடை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அண்ணி மேடையில் நின்று சொரசொரப்பான தேய்ப்பு அட்டையைத் தகட்டில் அழுத்திப் பிடிக்க, அண்ணன் கீழே விசையைப் பிடித்து மேடையைச் சீராக இறக்க வேண்டும். மேடை நேராக இறங்கும். தகடோ வளைந்து போகும். அந்த வித்தியாசத்தை அண்ணியின் தோளும் முழங்கையும்தான் சரிக்கட்ட வேண்டும்.

சூரியன் நூலகத்துக்குப் பின்னால் போன பிறகு வேலையைத் தொடங்கினார்கள். மேலே அட்டையைத் தூக்கிப் பிடித்த அண்ணி அப்படியே நின்றார். எதிரே குழிவில் அவருடைய முகம், பெரிதாக, ஒரு மாசு இல்லாமல் தெரிந்தது.

அண்ணன் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். "வேணும்னா நீ இறங்கு. முதல் கோட்ட நான் போடுறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"நீங்க போட்டா கோடு ஆடும்" என்றார் அண்ணி. "இறக்குங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

முதல் கோடு அவர் முகத்தின் நடுவே இறங்கியது.

அதன் பிறகு அவர் நிற்கவில்லை. அன்று மாலையும் அடுத்தடுத்த மாலைகளும் அந்த மேடை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கோட்டின் ஓரத்தில் அடுத்த கோடு, இடைவெளி இல்லாமல். அண்ணனுக்கு விசையைப் பிடித்த கட்டைவிரல் மரத்துப் போயிற்று. இருவரும் பீடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்.

"இப்பத் தெரியுதா, பாடுபட்டுப் போட்டத அழிச்சா வயிறு எப்படி எரியும்னு?"

"தெரியுது."

"அப்பாடா. இத்தன வருஷம் ஆச்சு."

"ஆனா உங்க வெல்டிங் இப்பவும் தெரியல பாருங்க" என்றார் அண்ணி. அண்ணன் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது.

திறப்புக்கு முந்தைய நாள் காலை பொறியாளர் வந்தார். தார்ப்பாயை எடுத்தார்கள். முன்பு சட்டை புகைந்த இடத்திலேயே புது நாற்காலி ஒன்றைப் போடச் சொன்னார். சூரியன் ஏறியது. இந்தமுறை யாருக்கும் கண் கூசவில்லை. முற்றத்தின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, அகலமான ஒரு வெளிச்சப் பட்டை மெதுவாக வந்து படுத்தது. நாற்காலி அதற்குள் நின்றது. நாங்கள் எல்லோரும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். காவலாளி பொறுமை இழந்து தானே போய் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, சுடுதா?" என்றார் முதலாளி.

"வெயில் எவ்வளவு சுடுமோ அவ்வளவுதாங்க சுடுது" என்றார் அவர், காலை நீட்டிக்கொண்டு.

சூரியன் உச்சிக்கு ஏறும்வரை பொறியாளர் இருந்தார். பட்டை சுருங்காமல், சிற்பி தரையில் போட்ட வளைகோடுகளின் மேலாகவே நகர்ந்து, சிற்பத்தின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது. "வச்சுக்கலாம்" என்றார் பொறியாளர். போகும்போது திரும்பி ஒருமுறை பார்த்தார்.

விழா அன்று அம்மா எல்லோருக்கும் முன்னால் தயாராகிவிட்டார். ஆனால் பேருந்து தாமதமாகி, நாங்கள் இறங்கி முற்றத்துக்கு வந்தபோது பேச்சுகள் முடிந்து, கூட்டம் அங்கங்கே பிரிந்திருந்தது. அந்த வெளிச்சப் பட்டைக்குள் நடந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் நின்று தங்கள் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா நிற்கவில்லை. நேராகச் சிற்பத்திடம் போனார். உள்பக்கத்தைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு போய் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். வளைந்த கண்ணாடிக்குள் நூலகமும் வானமும் முற்றத்தின் இரு ஓரங்களும் அடங்கியிருந்தன, நடுவில் சின்னதாக அம்மா. அவர் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அம்மா மறுபடி முன்பக்கம் வந்தார்.

"உள்ள ஏம்மா மங்கலா இருக்கு? நேரம் பத்தலையா?"

"இல்ல அத்தை. முதல்ல வெளிப்பக்கம் மாதிரியேதான் வச்சேன். வெயில் பட்டு நாற்காலி உருகிடுச்சு. அப்புறம் நான்தான் கோடு போட்டு மங்க வச்சேன்."

"நாற்காலி உருகிடுச்சா?"

"ஆமா அத்தை."

அம்மா அதை யோசித்தார். அண்ணி காத்துக்கொண்டு நின்றார். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயிருந்தன, முதலாளி நிற்பதைப் போல.

"உருகுற அளவுக்கா பளபளப்பு?" என்றார் அம்மா. பிறகு பக்கத்தில் நின்றிருந்த, எங்களுக்கு யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியிடம் திரும்பினார். "கேட்டீங்களா? நாற்காலியே உருகிடுச்சாம். என் மருமக போட்ட மெருகு."

அந்தப் பெண்மணியுடன் வந்திருந்த சிறுமி இதற்குள் குழிவுக்குள் நுழைந்து, உள்ளங்கையைத் தகட்டில் வைத்து மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா பதறிவிட்டார். "கை வைக்காதம்மா, ரேகை பதியும்" என்றார். வருடக்கணக்காக நாங்கள் வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அது தெரிந்திருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வைக்கட்டும் அத்தை" என்றார் அண்ணி. "இந்தப் பக்கம் பதியாது. தொடலாம்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். அம்மா தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தகட்டில் வைத்தார். கோடுகளின் போக்கிலேயே மெல்ல இறக்கினார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கதான ஒட்டு?" என்றார் அண்ணனிடம்.

"எங்கன்னு எனக்கே தெரியாதும்மா."

"அப்ப சரி."

கிளம்பும்போது அம்மா காவலாளியைத் தேடிப் போனார். உருகிய நாற்காலி எங்கே என்று கேட்டார். அவர் அதைத் தூக்கிப் போடாமல் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்தார். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிற்பத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம்.

"இத நான் எடுத்துக்கலாமா?"

"இதுலயா உக்காரப்போறீங்க?"

"உக்காரறதுக்கு இல்லீங்க."

அதைப் பேருந்தில் ஏற்ற நடத்துநரோடு அண்ணன் போராட வேண்டியிருந்தது. இப்போது அது எங்கள் வீட்டின் முன்னறையில், வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் என்ன இது என்று கேட்காமல் இருப்பதில்லை. கேட்டுவிட்டால் அம்மா பேச்சை மாற்றுவதில்லை. அவர்களை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, அண்ணி மெருகு போடும் துணிச் சக்கரத்திலிருந்து கதையைத் தொடங்குவார்.